சண்டைக்குள் ஒளிந்திருக்கும் காதல்: 'ஹவுல்ஸ் மூவிங் காஸில்' நாவலைப் படிக்க முழுமையான வழிகாட்டி

மாயாஜாலம், காதல், சிரிப்பு மூன்றும் கலந்த நாவல் என்றால் ஒரே மூச்சில் படித்துவிட்டு அடுத்த புத்தகத்துக்குப் போய்விடுவது நம் வழக்கம். டயானா வின் ஜோன்ஸ் எழுதி 1986-இல் வெளிவந்த 'ஹவுல்ஸ் மூவிங் காஸில்' நாவலை அப்படிப் படித்தவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: "நல்லாத்தான் இருந்தது, ஆனா ரெண்டு பேரும் எப்போ காதலிக்க ஆரம்பிச்சாங்கன்னே தெரியல. கடைசியில திடீர்னு சேர்ந்துட்டாங்க."

திடீரென்று எதுவும் நடக்கவில்லை. சோஃபி என்ற பெண்ணுக்கும் ஹவுல் என்ற மந்திரவாதிக்கும் இடையிலான அந்தக் காதல் முதல் அத்தியாயத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஆனால் காதலைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்வதே இல்லை. அடுப்படியிலும் குளியலறை வாசலிலும் நடக்கும் சண்டைகளுக்குள், துணி தைக்கும்போது வாய்க்குள் முணுமுணுக்கும் வசனங்களுக்குள் அது இருக்கிறது. சிரித்துக்கொண்டே நாம் வேகமாகப் புரட்டிவிடும் பக்கங்களில்தான் ஆசிரியர் தன் முக்கியமான துப்புகளை வைத்திருக்கிறார். ஆகவே சிரிப்பு வருகிற இடத்தில் வேகத்தைக் குறையுங்கள். கீழே சொல்லியிருக்கும் படிகள் எல்லாம் அதற்காகத்தான். கதையின் பெரிய முடிச்சுகளைக் கடைசிப் பகுதிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். அங்கே எச்சரிக்கை இருக்கும்.

படி 1: தொடங்கும் முன்

படத்தை முதலில் பார்க்காதீர்கள். ஹயாவோ மியாசாகி 2004-இல் இதே பெயரில் எடுத்த அனிமேஷன் படம் அருமையானது. ஆனால் அது வேறு கதை. படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நாவலுக்குள் போனால், படத்தில் இல்லாத பாத்திரங்களும் இடங்களும் குறுக்கே வந்து விழுவதாகத் தோன்றும். முதலில் நாவல், பிறகு படம்.

ஆங்கிலத்தில் நாவல் படித்துப் பழக்கமில்லை என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இது இளையோருக்காக எழுதப்பட்டது. வாக்கியங்கள் எளிமையானவை, பாதிக்கு மேல் உரையாடல். முதல் அத்தியாயத்தில் தொப்பிக் கடை வருவதால் தொப்பி வகைகள், ரிப்பன், குஞ்சம், துணி என்று தெரியாத சொற்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் அகராதியைத் திறக்காதீர்கள். எல்லாமே தொப்பியின் அலங்காரம் என்று தெரிந்தால் போதும், அடுத்த அத்தியாயத்திலிருந்து நடை சீராகிவிடும்.

மொத்தம் 21 அத்தியாயங்கள். ஒவ்வொன்றின் தலைப்பும் உள்ளே நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லும் பழைய பாணியில் அமைந்தது. தலைப்பைத் தாண்டிப் போகாமல் படித்துவிட்டு உள்ளே செல்லுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று அத்தியாயம் நல்ல அளவு. அதற்கு மேல் போனால் துப்புகள் கை நழுவும். வாரக்கணக்கில் இடைவெளி விட்டால் யார் யார் என்பதே மறந்துபோகும்.

ஆசிரியரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது உதவும். ஜோன்ஸ் 1934-இல் லண்டனில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது சிறுமியாக வேல்ஸுக்கு அனுப்பப்பட்டார். பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியம் படித்தபோது 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன், 'நார்னியா' கதைகள் எழுதிய சி. எஸ். லூயிஸ் இருவரின் விரிவுரைகளையும் கேட்டவர். 2011-இல் காலமானார். வேல்ஸ், டோல்கீன் என்ற இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்திருங்கள். நாவலின் நடுப்பகுதியில் ஒரு வீட்டு வாசல் கேட்டில் எழுதியிருக்கும் பெயரைப் படிக்கும்போது சிரிப்பீர்கள்.

படி 2: முதல் அத்தியாயத்தை இரண்டு முறை படியுங்கள்

கதை நடப்பது இங்காரி என்ற நாட்டில். ஏழு காதம் தாண்டும் பூட்ஸும், போர்த்தினால் உருவம் மறையும் அங்கியும் அங்கே நிஜமாகவே இருக்கின்றன. அந்த நாட்டில் மூன்று பிள்ளைகளில் மூத்ததாகப் பிறப்பது துரதிர்ஷ்டம். காரணம் நமக்கும் தெரிந்ததுதான். நம் பாட்டிமார் சொன்ன கதைகளிலும் மூத்த இளவரசர்கள் எல்லாம் தோற்றுத் திரும்புவார்கள், கடைக்குட்டிதான் ஜெயிப்பான். சோஃபி ஹேட்டர் மூத்தவள். "நம்ம தலையெழுத்து இவ்வளவுதான்" என்று அவளே முடிவு கட்டிவிட்டு, மார்க்கெட் சிப்பிங் என்ற ஊரில் குடும்பத்தின் தொப்பிக் கடையில் குனிந்து தைத்துக்கொண்டிருக்கிறாள். அப்பா இறந்து கடன் மட்டும் மிஞ்சியபோது, மாற்றாந்தாய் ஃபேனி தங்கை லெட்டியை ஒரு இனிப்புக் கடைக்கும், கடைக்குட்டி மார்த்தாவை ஒரு மந்திரக்காரப் பெண்மணியிடமும் தொழில் பழக அனுப்புகிறாள். சோஃபிக்குக் கடையே கதி.

பேச ஆளில்லாமல் சோஃபி தொப்பிகளோடு பேசுகிறாள். பாவமாகத் தோன்றும் சுமாரான ஒரு தொப்பியிடம், உனக்குத் தங்கமான மனசு, பெரிய இடத்து ஆள் ஒருவர் அதைக் கண்டு உன் மேல் ஆசைப்படுவார் என்கிறாள். வேடிக்கையாக இருக்கிறது, பக்கத்தைத் திருப்பிவிடுவோம். திருப்பாதீர்கள். அந்தத் தொப்பியை யார் வாங்கினாள், அவளுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்ற செய்தி சில பக்கங்கள் கழித்து ஊர் வம்பாக வரும். இரண்டையும் பென்சிலால் கோடு போட்டு இணையுங்கள். என்ன முடிவுக்கு வருவது என்று இப்போதே யோசிக்க வேண்டாம். சோஃபி எந்தப் பொருளிடம் பேசினாலும், அது தொப்பியோ கைத்தடியோ துணியோ, ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள், அது போதும்.

இன்னொரு இடம்: மே மாதம் முதல் தேதித் திருவிழாவில் சோஃபி தங்கையைப் பார்க்கப் போகும்போது, நீலமும் வெள்ளியுமாக உடுத்திய ஓர் இளைஞன் அவளிடம் பேச முயல்கிறான். அவள் பயந்து ஒதுங்குகிறாள். அவன் பரிவோடு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு விலகிப் போகிறான். அரைப் பக்கம்தான். அந்த அரைப் பக்கத்துக்கும் ஒரு புள்ளி.

படி 3: ஒரு தாளில் கதவு, இன்னொரு தாளில் பெயர்கள்

பாழ்நிலத்துச் சூனியக்காரி கடைக்கு வந்து, சோஃபியைத் தொண்ணூறு வயதுக் கிழவியாக்கிவிட்டுப் போகிறாள். போதாததற்கு, தனக்கு நேர்ந்ததை வெளியே சொல்லவும் சோஃபியால் முடியாது. வீட்டை விட்டுக் கிளம்பியவள், மலைச்சரிவில் நகர்ந்து திரியும் மந்திரவாதி ஹவுலின் கோட்டைக்குள் நுழைந்துவிடுகிறாள். நுழைந்தவள், தான்தான் புது வேலைக்காரி என்று தானாகவே அறிவித்துக்கொள்கிறாள்.

அந்தக் கோட்டையின் கதவுக்கு மேலே சதுரமான ஒரு குமிழ், அதன் நான்கு பக்கமும் ஒவ்வொரு நிறம். எந்த நிறத்தைக் கீழே திருப்பினாலும் கதவு வேறொரு இடத்தில் திறக்கும். பச்சை என்றால் மார்க்கெட் சிப்பிங்குக்கு வெளியே உள்ள மலைப்பகுதி. நீலம், போர்ட்ஹேவன் என்ற துறைமுக ஊர். சிவப்பு, தலைநகர் கிங்ஸ்பரி. கருப்பு எங்கே போகிறது என்பதை எழுதாமல் காலியாக விடுங்கள், நாவல் சொல்லும்போது நிரப்பிக்கொள்ளலாம். பிற்பகுதியில் நிறங்கள் மாறும், அப்போது புதிதாக ஒரு பட்டியல் போடுங்கள்.

பெயர்த் தாள் இன்னும் அவசியம். ஹவுலுக்கு ஊருக்கு ஒரு பெயர்: போர்ட்ஹேவனில் ஜென்கின், கிங்ஸ்பரியில் பென்ட்ராகன். தங்கைகள் இருவரோ ஒரு மந்திரத்தால் உருவத்தை மாற்றிக்கொண்டு, ஒருத்தி இடத்தில் இன்னொருத்தி இருக்கிறாள். ஆகவே யாராவது 'லெட்டி' என்று உருகும்போது அது உண்மையான லெட்டியா, லெட்டி வேடத்திலிருக்கும் மார்த்தாவா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். நாவலின் பாதிக் குழப்பமும் பாதிச் சிரிப்பும் இந்த ஒரு விஷயத்தில்தான். தாளில் எழுதிவைக்காதவர்கள் பத்தாவது அத்தியாயத்தருகே திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

படி 4: சோஃபி சொல்வதை நம்பாதீர்கள்

முழுக் கதையும் சோஃபியின் கண் வழியாகத்தான் வருகிறது. அவள் பொய் சொல்கிறவள் அல்ல. ஆனால் தன்னைப் பற்றி அவளுக்கு எதுவுமே சரியாகத் தெரியாது. தனக்கு அழகில்லை, திறமையில்லை, அதிர்ஷ்டமில்லை என்று அவள் முடிவு கட்டிவிட்ட விஷயங்களை நாமும் அப்படியே ஏற்றுக்கொண்டுவிடுகிறோம். ஹவுலைப் பற்றி அவள் சொல்வதும் அப்படித்தான்: கோழை, கர்வி, பொறுப்பில்லாதவன், பெண்பித்தன். இதில் எதுவும் முழுப் பொய்யில்லை, அதனால்தான் எளிதாக ஏமாறுகிறோம்.

எதிர்ச்சான்று போகிற போக்கில் வரும். ஹவுலிடம் தொழில் பழகும் மைக்கேல் தான் எப்படி அங்கே வந்து சேர்ந்தான் என்று சொல்லும் இடத்தைப் பாருங்கள். பெற்றோர் இல்லாமல் தெருவுக்கு வந்த பையன், போர்ட்ஹேவனில் ஹவுலின் வீட்டு வாசற்படியில் படுத்துத் தூங்கினான். காலையில் கதவைத் திறந்த ஹவுல் அவனை உள்ளே விட்டான். அதன் பிறகு போகச் சொல்லவே இல்லை. இதை மைக்கேல் சாதாரணமாகச் சொல்ல, சோஃபியும் சாதாரணமாகக் கேட்டுக்கொள்கிறாள். பெண்களின் இதயத்தைத் தின்பவன் என்று ஊரே நடுங்கும் மந்திரவாதி இவன்தான். படிக்கும் நாம் அந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

கிழவியான பிறகு சோஃபியிடம் வரும் மாற்றத்தையும் கவனியுங்கள். இளம்பெண்ணாக இருந்தபோது தெருவில் நடக்கவே கூசியவள், தொண்ணூறு வயது வந்ததும் எல்லாரையும் அதட்டுகிறாள், எதிர்த்துப் பேசுகிறாள், அழைக்காத வீட்டுக்குள் துடைப்பத்தோடு நுழைகிறாள். வயதான பெண்ணை யாரும் எடைபோடுவதில்லை என்பதில் அவளுக்கு ஒரு விடுதலை கிடைத்திருக்கிறது. என்னைக் கேட்டால் நாவலில் மிக ஆழமான விஷயம் இதுதான், காதலுக்கும் மேலாக. யாருக்கும் பிடிக்க வேண்டும் என்ற கவலை இல்லாமல் ஒரு பெண் பேசும்போது வெளிப்படும் உண்மையான ஆளைத்தான் ஹவுல் தினமும் பார்க்கிறான்.

படி 5: சிரிப்பு வரும் இடத்தில் நிறுத்துங்கள்

ஆறாவது அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். வெளியே கிளம்பும் முன் குளியலறையில் இரண்டு மணி நேரம் செலவழிக்கும் ஆள் ஹவுல். சோஃபி சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அங்கிருந்த பொட்டலங்களை இடம் மாற்றி வைத்துவிடுகிறாள். விளைவு, ஹவுலின் தலைமுடி நிறம் மாறிவிடுகிறது. அவன் அலறுகிறான், உலகமே முடிந்துபோனதாகப் புலம்புகிறான், பிறகு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து உடம்பெல்லாம் பச்சைக் கூழாக வழிய விடுகிறான். கூழ் தரையில் பரவி அடுப்பை நோக்கிப் போகிறது. அடுப்பில் குடியிருக்கும் நெருப்புப் பூதம் கால்சிஃபர் அணைந்துவிடுமோ என்று எல்லாரும் பதறுகிறார்கள். சோஃபி கோபத்தில் கொதிக்கிறாள்.

வயிறு வலிக்கச் சிரித்து முடித்ததும் இந்த மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கூழைத் தொட்டு அவனை எழுப்பிக் குளிக்க வைக்கப் பாடுபடுவது யார்? இவ்வளவு நடந்த பிறகும் அந்த வேலைக்காரியை அவன் ஏன் வெளியே அனுப்பவில்லை? போய்விடுவேன் என்று கிளம்பியவள் ஏன் போகவில்லை? மூன்றாவது கேள்விக்கு அடுத்த அத்தியாயத்தில் சோஃபி ஒரு காரணம் சொல்வாள், சோளக்கொல்லை பொம்மை ஒன்றை. படி 4-ஐ நினைவில் வைத்துக்கொண்டு அந்தக் காரணத்தைப் படியுங்கள்.

இதே கேள்விகளை ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் கேட்கலாம். காதல் வசனம் எங்கே என்று தேடாதீர்கள். யார் யாருக்காக என்ன செய்தார்கள், யார் யாரிடம் எதை மறைத்தார்கள் என்று பாருங்கள். தன் பெயரைக் கெடுத்துவிட்டு வரச் சொல்லி ஹவுலே சோஃபியை அரசனிடம் அனுப்பும் பகுதி இதற்கு நல்ல பயிற்சி. அவள் எவ்வளவு நுணுக்கமாக அவனைக் கவனித்து வைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் நமக்குப் புரியும்.

படி 6: அந்தக் கவிதையை முன்கூட்டியே படித்துவிடுங்கள்

ஒன்பதாவது அத்தியாயத்துக்கு முன் ஜான் டன் எழுதிய ஒரு கவிதையைப் படியுங்கள். எரி நட்சத்திரத்தைப் பிடித்து வா என்று தொடங்குவது. டன் 1572-இல் பிறந்து 1631-இல் மறைந்த ஆங்கிலக் கவிஞர். மூன்று பத்திகள், ஒவ்வொன்றும் ஒன்பது வரி, பதினைந்து நிமிடம் போதும். நடக்கவே முடியாத காரியங்களை அடுக்கிக்கொண்டே போகும்: கடற்கன்னிகள் பாடுவதைக் கேட்கக் கற்றுக்கொடு, கடந்துபோன வருடங்கள் எங்கே என்று சொல், இப்படி.

நாவலில் இந்தக் கவிதை வெறும் மேற்கோள் அல்ல. அது ஒரு சாபத்தின் பட்டியல். கவிதையில் உள்ள 'முடியாத காரியங்கள்' ஒவ்வொன்றாக நடந்தேறும்போது சாபம் நெருங்கி வருகிறது. இரண்டாம் பத்தியில் பத்தாயிரம் பகலும் இரவும் என்று ஒரு கணக்கு வரும். 365-ஆல் வகுத்துப் பாருங்கள், 27 சொச்சம் வருடம். ஹவுலின் வயது என்ன என்று கதையில் வரும்போது முதுகு நிமிரும். கவிதை தெரியாமல் படித்தாலும் கதை புரியும், ஆனால் ஒவ்வொரு வரியும் பலிக்கும்போது ஏற்படும் பதைப்பு கிடைக்காது. கவிதையின் வரிகளை ஒரு தாளில் எழுதி, பலித்ததை அடித்துக்கொண்டே போங்கள்.

படி 7: முடித்த பிறகு மட்டும் படிக்க

கடைசி அத்தியாயம் வரை வராதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடுங்கள். முடிச்சுகள் எல்லாம் இங்கே அவிழ்கின்றன.

முடித்தவர்கள் உடனே முதல் அத்தியாயத்துக்குத் திரும்புங்கள். நீங்கள் வைத்த புள்ளிகளை மட்டும் வரிசையாகப் பாருங்கள். சோஃபியின் சொல்லுக்கு உயிர் கொடுக்கும் சக்தி இருப்பது தொப்பிகளிலேயே தெரிகிறது. கைத்தடியிடம் பேசினாள், அது மந்திரக்கோலானது. ஹவுலின் உடையைத் தைத்தபடி முணுமுணுத்தாள், அது பிறகு என்ன வேலை செய்தது என்று பாருங்கள். தனக்குக் கிழவி வேடமே சௌகரியம் என்று அவள் உள்ளூர நினைத்ததால்தான், ஹவுல் பலமுறை முயன்றும் அந்தச் சூனியத்தை எடுக்க முடியவில்லை. அப்படியென்றால் அவள் யார் என்று அவனுக்கு முன்பே தெரியும். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நடு அத்தியாயங்களைத் திரும்பப் படித்தால் அவன் பேசும் ஒவ்வொரு வரியும் வேறு மாதிரி கேட்கும்.

கால்சிஃபரின் ரகசியத்தை நம் வாசகர்கள் மற்றவர்களைவிட முன்னதாகவே பிடித்துவிடுவார்கள் என்பது என் எண்ணம். ஏழு மலை, ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள் மந்திரவாதியின் உயிர் இருக்கும் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உயிரை உடலுக்கு வெளியே வைத்திருப்பவன் கதை நமக்குப் புதிதல்ல. ஆனால் நம் கதையில் கிளியின் கழுத்தைத் திருகினால் மந்திரவாதி சாவான். ஜோன்ஸின் கதையில் சோஃபி அந்த இதயத்தைக் கையில் எடுத்து, பேசிப் பேசியே இருவரையும் பிழைக்க வைக்கிறாள்.

கடைசியாக ஒன்று. சூனியக்காரியின் இடத்துக்கு சோஃபியைத் தேடி ஹவுல் வந்து நிற்கும் காட்சி. முகம் மழிக்கவில்லை, தலை வாரவில்லை, கண் சிவந்திருக்கிறது, சட்டை கிழிந்திருக்கிறது. தலைமுடி நிறம் மாறியதற்காகப் பச்சைக் கூழாக வழிந்தவன், குளியலறையை எட்டிக்கூடப் பார்க்காமல் ஓடிவந்திருக்கிறான். நாவலில் இதைவிடப் பெரிய காதல் வாக்குமூலம் கிடையாது. ஆறாவது அத்தியாயத்தில் சிரிப்போடு தாண்டிப் போனவர்களுக்கு, இங்கே அவன் தலை கலைந்திருப்பது ஒரு தகவலாக மட்டும் தெரியும்.

படி 8: படமும் மற்ற இரண்டு நாவல்களும்

இப்போது மியாசாகியின் படத்தைப் பாருங்கள். அவர் போரை மையத்துக்குக் கொண்டுவந்தார். வேல்ஸ் பகுதியை எடுத்துவிட்டார். மைக்கேலை மார்க்கிள் என்ற சின்னப் பையனாக்கினார். பாழ்நிலத்துச் சூனியக்காரியின் முடிவும் தலைகீழ். சோஃபியின் சொற்சக்தி படத்தில் இல்லை, பதிலாக அவள் மனநிலைக்கேற்ப முகம் இளமைக்கும் முதுமைக்கும் இடையே மாறிக்கொண்டே இருக்கும். எது சிறந்தது என்று சண்டை போடுவதைவிட, நாவலில் வார்த்தையால் செய்ததைப் படத்தில் முகத்தால் எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்பது சுவையானது.

தொடர்ச்சியாக இரண்டு நாவல்கள் உண்டு. 1990-இல் வந்த 'காஸில் இன் தி ஏர்' நாவலின் நாயகன் அப்துல்லா என்ற கம்பள வியாபாரி. ஹவுலும் சோஃபியும் எங்கே என்று முதல் பக்கத்திலிருந்தே தேடி எரிச்சலடையாதீர்கள், வருவார்கள். எந்த உருவத்தில் என்பதுதான் விளையாட்டு. 2008-இல் வந்த 'ஹவுஸ் ஆஃப் மெனி வேஸ்' நாவலின் நாயகி சார்மெய்ன் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாதவள், வீட்டு வேலை எதுவும் தெரியாதவள். துடைப்பத்தோடு நுழைந்த சோஃபிக்கு நேர் எதிர். முதல் நாவல் முடிந்த கையோடு இவற்றை எடுக்காமல் சில வாரம் விட்டுத் தொடங்குங்கள். அப்போது பெயர்த் தாளையும் கூடவே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பழைய ஆட்கள் புது வேடத்தில் வரும்போது தேவைப்படும்.